மலர்க்கணக்கும் மெய்க்கணக்கும்



நம் சமய வாழ்வு எண்ணோடு பின்னிக் கிடப்பது. அருச்சனை என்றால் 108, 1008 என்கிறோம். உருத்திரம் ஓதுங்கால் பதினோரு முறை என்கிறோம். மலம் மூன்று, தொழில் ஐந்து, எழுத்து ஐந்து, தத்துவம் முப்பத்தாறு என்று சித்தாந்த சாத்திரங்கள் எண்ணி வகுத்தே பொருளை உணர்த்துகின்றன. ஆதலின், வடமொழிச் சுலோகங்களுக்குள் கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கிற்குள்ளே ஆழ்பொருள் இருக்கிறது என்று எவரேனும் சொன்னால், அன்பர்கள் ஆவலோடு செவி சாய்ப்பது இயல்பே.

அந்த ஆவலை நாம் குறை கூறோம். அது நன்னிலம், நல்ல விதையை இட்டால் விளையும். ஆயின், இத்துறையில் மூன்று பொருள்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. சுலோகம் தானே சொல்லும் கணக்கு ஒன்று. அக்கணக்கைச் செய்து முடித்தபின் அடியவர் உள்ளத்தில் எழும் சிந்தனை மற்றொன்று. சுலோகத்தில் இல்லாததை இருப்பதாக ஏற்றிச் சொல்லும் புனைவு மூன்றாவது. முதலது அறிவு, இரண்டாவது பாவனை, மூன்றாவது பொய். முதலிரண்டையும் போற்றி மூன்றாவதை விலக்குவது எங்ஙனம் என்பதையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். கேட்போர் கைதட்டுவர் என்பதற்காகத் திருக்கோயில் மேடையில் இல்லாததைச் சொல்லலாகாது என்பது நம் துணிபு.

நூற்றிருபது தாமரை

பாரத நாட்டுக் கணித ஆசிரியர்களுள் தலைசிறந்தவர் ஒருவர் பாஸ்கராசாரியர். இவர் கி.பி. 1114இல் பிறந்தவர். தம் முப்பத்தாறாம் வயதில், கி.பி. 1150இல், ‘சித்தாந்த சிரோமணி’ என்னும் பெருநூலை இயற்றினார். அந்நூலின் முதற் பகுதியாகப் போற்றப்படுவது ‘லீலாவதி’ என்னும் கணித நூல். யானைமுகப் பெருமானை வணங்கித் தொடங்கும் அந்நூல், விதிகளையும் வினாக்களையும் சுலோகங்களாகவே தருகின்றது. லீலாவதி என்பவள் ஆசிரியருடைய மகள் என்றும், அவளுக்கு ஆறுதலாகவே இந்நூல் எழுதப்பட்டது என்றும் ஒரு கதை உண்டு. அக்கதை, அக்பர் காலத்தில், 1587இல், இந்நூலைப் பாரசீகத்தில் பெயர்த்த பைசி என்பாரின் முன்னுரையிலே காணப்படுவது. பாஸ்கரர் தம் நூலில் அதனைச் சொல்லவில்லை. இதனையும் தொடக்கத்திலேயே குறித்து வைப்போம். கதை இனிது, எனினும் கதையைக் கதையென்றே சொல்லுதல் வேண்டும்.

அந்நூலில் வரும் வினா ஒன்றின் பொருள் இது. ஒருவன் மாசற்ற தாமரை மலர்களின் குவியல் ஒன்றைக் கொண்டு வழிபாடு செய்கின்றான். குவியலில் மூன்றில் ஒரு பங்கை முக்கண் பெருமானுக்குச் சாத்துகின்றான். ஐந்தில் ஒரு பங்கைத் திருமாலுக்கும், ஆறில் ஒரு பங்கைச் சூரியனுக்கும், நான்கில் ஒரு பங்கைத் தேவிக்கும் சாத்துகின்றான். எஞ்சி நின்ற ஆறு மலர்களால் தன் குருவின் திருவடியைப் பூசிக்கின்றான். அவன் கொண்டுவந்த மலர்கள் மொத்தம் எத்தனை?

இதற்கு விடை காணும் முறையை ‘இஷ்டகர்மம்’ என்று அந்நூல் கூறும். விடை இன்னதென்று தெரியாதபோது, நம் விருப்பப்படி ஓர் எண்ணை விடையாகக் கற்பித்துக்கொள்வது முதற்படி. மலர் 60 என்று கற்பிப்போம். மூன்றில் ஒரு பங்கு 20. ஐந்தில் ஒன்று 12. ஆறில் ஒன்று 10. நான்கில் ஒன்று 15. இவற்றின் கூட்டுத்தொகை 57. எஞ்சுவது 3. ஆனால் வினாவில் எஞ்சியவை 6. நாம் கற்பித்ததனால் வந்த எச்சத்தைப் போல் உண்மை எச்சம் இருமடங்கு. ஆகவே மொத்தமும் இருமடங்காதல் வேண்டும். 60 இரட்டித்தால் 120. இதுவே விடை.

சரிபார்ப்போம். சிவபெருமானுக்கு 40, திருமாலுக்கு 24, சூரியனுக்கு 20, தேவிக்கு 30, குருவுக்கு 6. ஐந்தையும் கூட்ட 120. கணக்கு நேராயிற்று.

கணக்கைச் செய்து முடித்துவிட்டோம். இனிச் சிந்திக்கும் உரிமை நமக்கு உண்டு. இவ்வினாவில் தெய்வங்கள் நால்வர்க்கும் உரிய மலர்கள் பங்காகவே சொல்லப்பட்டன, எண்ணாகச் சொல்லப்படவில்லை. எண்ணாகச் சொல்லப்பட்டது குருவுக்கு உரிய ஆறு மட்டுமே. அந்த ஆறினை நீக்கிவிட்டுக் கணக்கைப் பாருங்கள். மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று பங்குகள் நிற்கும். ஆனால் எதனுடைய பங்கு என்பது ஒருகாலும் விளங்காது. முக்கண் பெருமானுக்குச் சாத்திய மலர் நாற்பது என்பதை அறிவதற்குக்கூட, குருவின் அடியிற் கிடக்கும் ஆறு மலர்களே வாயில். மிகச் சிறிய பங்கு அதுவே; முழுமையை அறிவிப்பதும் அதுவே.

கணித நூலார் இவ்வாறு கண்முன் எஞ்சி நிற்கும் எண்ணைத் ‘திருசியம்’ என்பர். காணப்படுவது என்பது அதன் பொருள். காணப்படாத முழுமையைக் காணப்படும் ஒன்றால் அளந்தறிவதே இக்கணக்கின் உயிர். சைவ சித்தாந்தம் குருவைப் பற்றிச் சொல்வதும் இதற்கு அயலன்று. உயிர்க்குயிராய் மறைந்து நின்ற முதல்வனே, பக்குவம் வந்த காலத்தில் குருவாய் எழுந்தருளி உணர்த்துகின்றான் என்பது சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரம் தரும் கருத்து. காணப்படாதவன் காணப்படுபவனாய் வருதலே குருவடிவம்.

மேலும் ஒன்று. நாம் கற்பித்த 60 உண்மை விடையன்று. ஆயினும் அதனைக் கற்பிக்காமல் உண்மை விடைக்குச் செல்லவில்லை. இறைவனைப் பற்றி நாம் தொடக்கத்தில் கொள்ளும் கருத்தும் அத்தகையதே. அது குறையுடையது, ஆனால் குருவாக்கோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் மனம் இருந்தால் அக்குறைக் கருத்தே படியாகிவிடும். திருத்த மறுப்பவனுக்கு அதுவே தடையாகும்.

இச்சிந்தனை பாஸ்கரர் எழுதியதன்று. அவர் மலர்க்கணக்கை மாத்திரமே தந்தார். அவர் தந்த கணக்கின் மீது நாம் ஏற்றி வைத்த விளக்கு இது. விளக்கு நம்முடையது என்று சொல்லி ஏற்றுவதில் குற்றமில்லை.

ஏற்றிச் சொல்லும் ஆசை

இனி, குற்றம் எங்கே தொடங்குகின்றது என்பதைக் காட்டுவோம். மலர்கள் 120 என்று விடை வந்ததன்றோ? திருவைந்தெழுத்தின் ஐந்து எழுத்துகளையும் இடம் மாற்றி மாற்றி அடுக்கினால் எத்தனை அடுக்கு வரும்? முதலிடத்தில் ஐந்தில் எதுவும் நிற்கலாம், அடுத்த இடத்தில் எஞ்சிய நான்கில் ஒன்று, பின் மூன்றில் ஒன்று, பின் இரண்டில் ஒன்று, கடைசியில் ஒன்றே. 5×4×3×2×1 = 120. சோதிட நூலார் சொல்லும் விம்சோத்தரி தசையின் மொத்த ஆண்டுகளும் 120.

இவ்வளவும் உண்மை. இவற்றை அடுக்கிச் சொல்லி, “பாஸ்கரர் பஞ்சாட்சரத்தைத் தாமரைக் குவியலுக்குள் மறைத்து வைத்தார்; மனிதனின் முழு ஆயுளையும் அதனுள் அடக்கினார்” என்று ஒருவர் மேடையில் முழங்கினால், சபை மெய்சிலிர்க்கும். ஆனால் அது மெய்யன்று. அப்படி மறைத்ததற்கு அந்நூலில் ஒரு சொல்லும் சான்றாக இல்லை.

சான்று இல்லை என்று சொல்லி நில்லாமல், காரணமும் காட்டுவோம். மூன்றாலும் நான்காலும் ஐந்தாலும் ஆறாலும் மீதமின்றி வகுபடும் மிகச் சிறிய எண் 60. மலரைக் கிள்ளிப் பாதியாக்கிச் சாத்தமாட்டோம். ஆகவே விடை 60, 120, 180 என்று அறுபதின் மடங்காகத்தான் வரமுடியும். ஆசிரியர் எச்சத்தை 3 என்று வைத்திருந்தால் விடை 60. 9 என்று வைத்திருந்தால் 180. விடை 60 ஆகியிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? நாளொன்றுக்கு நாழிகை 60, பிரபவ முதலிய ஆண்டுகள் 60 என்று சொல்லியிருப்போம். 180 ஆகியிருந்தால் வட்டத்தின் பாதி என்று சொல்லியிருப்போம். எந்த எண்ணுக்கும் உறவினர் உண்டு. தேடிப் போனால் கிடைத்தே தீரும் ஒன்று, சான்றாகாது.

“இதனால் யாருக்கு என்ன கேடு? பக்திதானே வளர்கிறது” என்று கேட்கும் அன்பர்கள் உளர். கேடு உண்டு. இன்று மேடையில் கேட்டதைப் பாட்டனார் வீட்டிற்குச் சென்று பேரனுக்குச் சொல்கின்றார். பேரன் கணிதம் பயில்கின்றவன். அவன் நூலை எடுத்துப் பார்க்கின்றான். சொன்னது அங்கே இல்லை. அன்று அவன் தள்ளுவது அந்த ஒரு செய்தியை மட்டும் அன்று. குருவின் ஆறு மலர்களையும், திருவைந்தெழுத்தின் பெருமையையும், பாட்டனாரின் சொல்லையும் சேர்த்தே தள்ளிவிடுகின்றான். பொய்க்கால் கொடுத்து நிறுத்திய பந்தல் விழும்போது, நல்ல காலையும் இழுத்துக்கொண்டே விழும்.

பத்துக் கரமும் அங்கபாசமும்

உண்மையாகவே சிவபெருமானைப் பற்றிய கணக்கு ஒன்று லீலாவதியில் இருக்கின்றது. தேடி அலைய வேண்டுவதில்லை, வெளிப்படையாகவே உள்ளது. நூலின் இறுதியில் ‘அங்கபாசம்’ என்றொரு பகுதி உண்டு. அங்கம் என்றது இங்கே எண்ணுருவை. பாசம் என்றது வலையை. எண்கள் இடம் மாறி மாறிப் பின்னிக்கொள்ளும் வலை என்பது கருத்து. அப்பகுதியில் வரும் வினா: பாசம், அங்குசம், பாம்பு, உடுக்கை, கபாலம், சூலம், கட்வாங்கம், சக்தி, அம்பு, வில் ஆகிய பத்தினையும் சம்பு தம் பத்துக் கரங்களில் மாற்றி மாற்றி ஏந்தினால் எத்தனை மூர்த்தி பேதங்கள் உண்டாகும்? அவ்வாறே திருமால் கதை, சக்கரம், தாமரை, சங்கு என்னும் நான்கினையும் நான்கு கரங்களில் மாற்றி ஏந்தினால் எத்தனை?

ஐந்தெழுத்தை அடுக்கிய அதே முறைதான். திருமாலுக்கு 4×3×2×1 = 24. இந்த இருபத்து நான்கும் ஏட்டளவில் நிற்கும் கணக்கன்று. கேசவன், நாராயணன் என்று தொடங்கும் இருபத்து நான்கு திருநாமங்களுக்கும் தனித்தனியே ஆயுதம் ஏந்தும் முறை வகுத்து, இருபத்து நான்கு மூர்த்திகளாகச் சிற்ப நூலார் வடித்துள்ளனர். சந்தியாவந்தனம் செய்வோர் நாள்தோறும் அத்திருநாமங்களைச் சொல்கின்றனர். கணக்கும் வழிபாடும் இங்கே கைகோத்து நிற்கின்றன.

சம்புவுக்கு வருவோம். பத்தும் ஒன்பதும் பெருக்க 90, எட்டால் பெருக்க 720, ஏழால் 5,040, ஆறால் 30,240, ஐந்தால் 1,51,200, நான்கால் 6,04,800, மூன்றால் 18,14,400, இரண்டால் 36,28,800. முப்பத்தாறு இலட்சத்து இருபத்தெண்ணாயிரத்து எண்ணூறு மூர்த்தி பேதங்கள்! வெறும் பத்துக் கரங்கள்; பத்தே பொருள்கள்; இவற்றிலிருந்து இத்தனை வடிவம். நாளொன்றுக்கு ஒரு வடிவமாகச் சிற்பி ஒருவர் செதுக்குவாராயின், அனைத்தையும் முடிக்க 9,900 ஆண்டுகளுக்கு மேலாகும். ஒரு வடிவத்தை ஒரு நாழிகை தியானிப்பது என்று கொண்டு, உண்ணாமலும் உறங்காமலும் நாளொன்றுக்கு அறுபது நாழிகையும் தியானித்தாலும் 60,480 நாள்கள் வேண்டும். அஃதாவது 165 ஆண்டுகளுக்கு மேல். மனித ஆயுளில் அடங்காத தொகை.

கணக்கு முடிந்தது; சிந்திப்போம். வடிவங்கள் 36,28,800 ஆகலாம் என்று கணிதம் சொல்கின்றது. ஆனால் எவ்வடிவத்தை வழிபடுவது என்று அது சொல்லுமோ? சொல்லாது, சொல்வது அதன் வேலையுமன்று. அதனைச் சொல்வது ஆகமம். தில்லைக் கூத்தப்பிரானின் திருவுருவைப் பாருங்கள். வலப்பக்கத்துப் பின்கரத்தில் உடுக்கை. இடப்பக்கத்துப் பின்கரத்தில் நெருப்பு. வலப்பக்கத்து முன்கரம் அபயம். இடப்பக்கத்து முன்கரம் தூக்கிய திருவடி நோக்கி வீசியது. உடுக்கையில் படைப்பும், அபயத்தில் காப்பும், நெருப்பில் அழிப்பும், ஊன்றிய திருவடியில் மறைப்பும், தூக்கிய திருவடியில் அருளும் அமைந்துள என்று சித்தாந்த சாத்திரம் கூறும். உடுக்கையையும் நெருப்பையும் இடம் மாற்றினால் கணக்கிற்கு ஒரு வடிவம் கூடும். தில்லைத் திருவுருவோ ஆகாது.

திருவைந்தெழுத்தும் அவ்வாறே. அடுக்குகள் 120 வரலாம். ஆயின் மரபு நமக்கு அளித்தவை மிகச் சில. ‘நமசிவாய’ என நிற்பது தூலம். ‘சிவாயநம’ என நிற்பது சூக்குமம். எழுத்துகள் அவையே, நிலை வேறு. நகரம் திரோதானத்தையும், மகரம் மலத்தையும், சிகரம் சிவத்தையும், வகரம் அருளையும், யகரம் உயிரையும் குறிக்கும். தூலத்தில் மறைப்பும் மலமும் முன்னிற்கின்றன. சூக்குமத்தில் சிவமும் அருளும் முன்னிற்கின்றன. இம்முறை வைப்பின் பொருளை எந்தப் பெருக்கல் வாய்பாடும் தாராது. குருமுகமாகவே பெறுதல் வேண்டும்.

ஆகவே, வழிகள் எத்தனை என்று கணிதம் காட்டும். செல்லும் வழி இது என்று குருவும் ஆகமமும் காட்டுவர். கணிதத்தின் தொகையைக் கண்டபின்னர்தான் ஆகமத்தின் அருமை நமக்கு முழுவதும் புலப்படுகின்றது. முப்பத்தாறு இலட்சம் வழிகளில் மயங்கி நிற்க வேண்டிய நம்மைக் கைப்பிடித்து ஒரு திருவுருவின் முன் கொண்டுவந்து நிறுத்துகின்றதே, அந்தக் கருணை எத்துணைப் பெரிது!

சொல்லே எண்ணாதல்

சுலோகங்களில் எண் மறைந்திருப்பதும் உண்மையே. ஆனால் அது எவர்க்கும் தெரிந்த விதிப்படி மறைந்திருப்பது. ‘பூதசங்கியை’ என்பது அம்முறையின் பெயர். எண்ணை எண்ணுப்பெயரால் சொல்லாமல், உலகில் அத்தனை எண்ணிக்கையுடைய ஒரு பொருளின் பெயரால் சொல்வது அது. சந்திரன் என்றால் 1, கண் என்றால் 2, அக்கினி என்றால் 3, வேதம் 4, மன்மதன் அம்பு 5, சுவை 6, மலை 7, யானை 8, நந்தர் 9, திசை 10, உருத்திரர் 11, சூரியர் 12, ஆகாயம் சூனியம். இவ்வாறு வரும் சொற்களை ஒன்றன் இடத்திலிருந்து தொடங்கி இடப்புறமாக நிரப்பிச் செல்ல வேண்டும்.

இப்படிச் செய்ததற்குக் காரணம் இரண்டு. ஒரே எண்ணுக்குப் பல சொற்கள் இருந்தமையால், யாப்பிற்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்து அமைக்க முடிந்தது. மனனம் செய்தல் எளிதாயிற்று. ஏடு பெயர்த்து எழுதுவோர் எண்ணுருவைப் பிழையாக எழுதினால் பிழை தெரியாது. சொல்லைப் பிழையாக எழுதினால் யாப்பு இடறும். பிழை உடனே அகப்பட்டுக்கொள்ளும்.

பாஸ்கரர் தாம் பிறந்த சக ஆண்டைச் சுவை, குணம், பூரணம், பூமி என்னும் பொருள்படும் நான்கு சொற்களால் சொல்கின்றார். சுவை 6; குணம் 3; பூரணம் சூனியம்; பூமி 1. இடப்புறமாக நிரப்பினால் 1036. சக ஆண்டு 1036 என்பது கி.பி. 1114. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூரணம் என்றால் நிறைவு. நிறைவைக் குறிக்கும் சொல்லையே ஒன்றுமின்மையைக் குறிக்கும் எண்ணுக்கும் இட்டு வழங்கினர் நம் முன்னோர். இதனைப் பற்றி எத்துணை வேண்டுமாயினும் சிந்திக்கலாம். சொல் அங்கே உண்மையாகவே இருக்கின்றது.

வட்டத்தின் சுற்றளவை அறிய அவர் தரும் விதியும் இத்தகையதே. விண்மீன் 27, நந்தர் 9, அக்கினி 3. இடப்புறமாக நிரப்ப 3927. ஆகாயம் 0, அம்பு 5, சூரியர் 12, நிரப்ப 1250. விட்டத்தை 3927ஆல் பெருக்கி 1250ஆல் வகுத்தால் சுற்றளவு. அஃதாவது 3.1416. பரும்படிக் கணக்கிற்கு 22/7 போதும் என்றும் அவரே சொல்கின்றார்.

கேரள நாட்டில் சங்கமக்கிராமத்தில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாதவர் இதனினும் நுட்பம் கண்டார். அவர் கூறியதாகப் பின்வந்த கணித ஆசிரியர்கள் எடுத்துக்காட்டும் சுலோகத்தில், தேவர் 33, கண் 2, யானை 8, பாம்பு 8, அக்கினி 3, மூன்று 3, குணம் 3, வேதம் 4, விண்மீன் 27, யானை 8, தோள் 2 என்று சொற்கள் அடுக்கி வருகின்றன. நிரப்பினால் 28,27,43,33,88,233. விட்டம் 9,00,00,00,00,000 ஆயின் சுற்றளவு இது. வகுத்துப் பார்த்தால் பத்துத் தசம இடங்கள் வரை பிழையற்ற மதிப்பு கிடைக்கின்றது. தேவர்களையும் வேதங்களையும் விண்மீன்களையும் வரிசையாக நினைத்துக்கொண்டே ஒருவர் வட்டத்தை அளந்தார் என்றால், அதற்கு மேல் அற்புதம் வேண்டுமோ?

இனி, அன்பர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று: “கண்ணனைத் துதிப்பது போலவும் சங்கரனைத் துதிப்பது போலவும் அமைந்த ஒரு சுலோகத்தில் இந்த மதிப்பு முப்பது இடங்களுக்கும் மேல் மறைந்திருக்கிறதாமே, அது வேதத்தில் உள்ளதாமே?” எழுத்துக்கு எண் தரும் ‘கடபயாதி’ முறையில் அச்சுலோகம் அமைந்திருப்பது உண்மை. இசை பயின்றோர் இம்முறையை அறிவர். இருபத்தொன்பதாவது மேளத்திற்குத் ‘தீரசங்கராபரணம்’ என்று பெயர். தீ என்பது 9, ர என்பது 2. மாற்றிப் படித்தால் 29. மேளத்தின் எண் தெரிவதற்காகவே சங்கராபரணத்தின் முன் ‘தீர’ என்று சேர்த்தனர். அதுபோல அச்சுலோகத்தைப் புனைந்தவர் திறமையும் பாராட்டத்தக்கதே. ஆனால் அது வேத மந்திரமன்று. வேத சங்கிதைகளில் அது இல்லை. 1965இல் அச்சேறிய ஒரு கணித நூலின் வழியாகவே அது நாடெங்கும் பரவியது. மாதவர் கண்ட மெய்யான மணி கையில் இருக்கும்போது, இதற்கு வேதப் பழமை என்னும் பூச்சு எதற்கு?

தாழம்பூவின் சாட்சி

இறுதியாக லீலாவதியின் வண்டுக்கணக்கு ஒன்று. வண்டுக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்பை நாடிச் சென்றது. மூன்றில் ஒரு பங்கு சிலீந்திர மலரை நாடியது. இவ்விரண்டு பங்குகளின் வேறுபாட்டைப் போல் மும்மடங்கு குடச மலரை நாடியது. எஞ்சிய ஒரே வண்டு, தாழை மணம் ஒருபுறமும் மாலதியின் மணம் ஒருபுறமும் ஒரே காலத்தில் ஈர்க்க, எங்கும் அமராமல் வானில் அலைந்தது. வண்டுகள் எத்தனை? விடை 15. ஐந்தில் ஒன்று 3, மூன்றில் ஒன்று 5, வேறுபாடு 2, அதன் மும்மடங்கு 6, இவை 14, அலையும் வண்டு ஒன்று.

இரு மணங்களுக்கிடையே அலையும் அவ்வொரு வண்டைக் காணும்போது, பதிக்கும் பாசத்திற்கும் இடையே நின்று சார்ந்ததன் வண்ணமாகும் உயிர் நம் நினைவுக்கு வருகின்றது. இதுவும் நம் பாவனையே, பாஸ்கரர் கூற்றன்று. ஆனால் வண்டை ஈர்க்கும் மலர்களுள் ஒன்று தாழை என்பதைக் கண்டதும், சைவர்களாகிய நமக்கு வேறொரு வரலாறு நினைவுக்கு வராமல் இராது.

அடியும் முடியும் காணாத அழற்பிழம்பாய்ச் சிவபெருமான் நின்றபோது, திருமால் பன்றியாய் நிலம் அகழ்ந்தார். பிரமர் அன்னமாய் வான் பறந்தார். அடி காணாத திருமால் ‘கண்டிலேன்’ என்று உள்ளதை உரைத்தார். பிரமரோ முடியிலிருந்து வீழ்ந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சி வைத்துக்கொண்டு ‘கண்டேன்’ என்றார். தாழம்பூவும் ஆம் என்றது. அதனால் சிவபூசைக்கு ஆகாத மலராயிற்று. மணமிக்க மலர், இறைவன் திருமுடியிலேயே இருந்த மலர், ஒரு பொய்ச்சாட்சியால் பூக்கூடையை இழந்தது. கருவறையின் பின்புறக் கோட்டத்தில் இலிங்கோற்பவரைத் தொழும் ஒவ்வொரு முறையும் இதனை நினைத்தல் வேண்டும்.

எவ்விடத்தில் அப்பொய் தோன்றியது என்று பாருங்கள். அளவிட முடியாத பொருளை அளந்துவிட்டதாகச் சொன்ன இடத்தில் தோன்றியது. எண்ணிக்கையின் பெயரால் இல்லாத மறைபொருளை மேடையில் சொல்வோர் தாழம்பூவின் தொழிலையே செய்கின்றனர். அவர்கள் சொல்லும் பொய் இறைவன் பெருமையைக் கூட்டுவதற்காகவே என்பர். தாழம்பூ சொன்னதும் அவன் திருமுடியைப் பற்றித்தானே! பெருமைக்காகச் சொன்னாலும் பொய் அவன் திருமுன் ஏறுவதில்லை. ‘கண்டிலேன்’ என்ற மெய்யையே அவன் ஏற்றருளினான்.

ஆகவே அன்பர்கள் செய்யத்தக்கது இது. இன்று இல்லம் சென்றதும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துத் தாமரைக் கணக்கைச் சொல்லுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும். 120 என்று விடை கண்டு அவர்கள் முகம் மலர்ந்த பிறகு, குருவின் திருவடியில் கிடந்த ஆறு மலர்களைச் சுட்டிக்காட்டுங்கள். “இக்கணக்கு பாஸ்கரர் தந்தது, இக்கருத்து நாங்கள் கோயிலில் கேட்டது” என்று பிரித்துச் சொல்லுங்கள். அவ்வாறு சொல்லப்பட்ட பிள்ளை நாளை எந்த நூலைத் திறந்து பார்த்தாலும் ஏமாற்றம் அடையாது. திறந்து பார்க்கும்தோறும் நம்பிக்கை வளரும்.

கணக்கில் மெய்யும் கருத்தில் அன்பும் சேர்ந்த மலரே கூத்தப்பிரான் திருவடிக்கு ஏற்ற மலர்.

திருச்சிற்றம்பலம்.